முகத்துக்கு 150 யூரோ

மாண்புமிகு மந்திரி அவர்களுக்கு,

தங்கள் நாட்டிலும் முஸ்லிம் பெண்கள் தெருவில் முகத்தை மூடிக்கொண்டு நடப்பதைத் தடுக்க ஒரு சட்டம் கொண்டுவரத் தாங்கள் திருவுளம் கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். நல்ல காரியம். பிரான்ஸ் எப்போதோ செய்துவிட்டது. பெல்ஜியம், ஆஸ்திரியா, டென்மார்க் எல்லாம் வரிசையில் நின்று செய்துவிட்டன. 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஸ்விட்சர்லாந்தும் சேர்ந்துகொண்டது. தாங்கள் மட்டும் இன்னும் ரோடு, குடிதண்ணீர், ஆஸ்பத்திரி என்று பழைய பஞ்சாங்கத்தையே புரட்டிக்கொண்டிருந்தால் எப்படி? இந்தத் தொழிலில் கைதேர்ந்தவர்கள் என்னென்ன செய்தார்கள் என்று கொஞ்சம் விவரம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆலோசனைக் கட்டணம் வேண்டாம். தேசத்தொண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆள்கணக்கு. சட்டம் யார்மேல் பாயப்போகிறதோ அவர்கள் சொற்பமாக இருக்க வேண்டும். லட்சக்கணக்கில் இருந்தால் அவர்களிடம் ஓட்டு இருக்கும். ஓட்டு இருந்தால் தாங்களே நோன்புக் கஞ்சி குடிக்கத் தொப்பி போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்திருப்பீர்கள். பிரான்சில் 2009இல் இந்தப் பேச்சு கிளம்பியபோது போலீஸ் உளவுப் பிரிவின் குறிப்பு ஒன்று பத்திரிகைக்குக் கசிந்தது. நாடு முழுக்க முகம் மூடும் பெண்கள் 367 பேர். ஆறரைக் கோடிப் பேர் வாழும் நாட்டில் 367. நம்மூர் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தால் பின்வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு குடியரசே ஆபத்தில் இருக்கிறது என்று சொன்னால் கேட்கிறவன் சிரிப்பான் என்பதாலோ என்னவோ, கொஞ்ச நாளில் உள்துறை அமைச்சகம் வேறொரு கணக்கைக் கொடுத்தது. சுமார் 1,900 பேர். சரி, பெரிய கணக்கையே வைத்துக்கொள்வோம். எழுபது வயசுப் பேரக்குழந்தைக்காரர் முதல் நேற்றுத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் வரை ஒரு தேசத்தின் இரண்டு அவைகளும் ஒரு வருஷத்துக்கு மேல் தூக்கமில்லாமல் தவித்தது இந்த 1,900 பேரை நினைத்துத்தான்.

ஸ்விட்சர்லாந்து இன்னும் சிக்கனம். அங்கே முகம் மூடுபவர்கள் ஏறக்குறைய 30 பேர் இருக்கலாம் என்று லூசர்ன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். ஒரு மினிபஸ் கொள்ளும். அதற்கு ஒரு தேசிய வாக்கெடுப்பு, அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தம். அந்த நாட்டுக்கு இது பழகிய கலை. 2009இல் நாடு முழுக்க நான்கே நான்கு மினாரா இருந்தபோது ஐந்தாவது எழும்பக்கூடாது என்று அரசியல் சட்டத்தில் எழுதி வைத்தவர்கள். அரசாங்கமே இந்த முகத்திரைத் தடை வேண்டாம் என்றது, ஜனங்கள் கேட்கவில்லை. 51.2 சதவீதம் ஆதரவு. வாக்கெடுப்பு நடந்த நாளையும் கவனியுங்கள்: 2021 மார்ச் 7. விடிந்தால் மகளிர் தினம். ஸ்விஸ் பெண்களுக்குத் தேசியத் தேர்தலில் ஓட்டுரிமை கிடைத்துச் சரியாக ஐம்பது வருஷமும் ஒரு மாதமும் ஆகியிருந்தது. ஆம், 1971தான், இலங்கையில் 1931. ஆப்பென்செல் இன்னர்ரோடன் என்ற மாநிலத்து ஆண்கள் உள்ளூர்த் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டே தரமாட்டோம் என்று 1990 வரை முரண்டு பிடித்தார்கள். உச்ச நீதிமன்றம் கையை முறுக்கித்தான் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. பெண் விடுதலையில் இப்படித் தவித்துப் போயிருந்த ஒரு நாடு அந்த முப்பது பேருக்காக எவ்வளவு உருகியிருக்கும் என்று தாங்களே யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது நேரம். நல்ல நாள் பார்ப்பதில் நம் ஜோசியர்கள் பிரெஞ்சுக்காரர்களிடம் பாடம் கேட்க வேண்டும். 2010 செப்டம்பர் 14ஆம் தேதி முகத்திரைத் தடையை செனட் நிறைவேற்றியது. 15ஆம் தேதி கீழவை ஓய்வு வயதை 60இலிருந்து 62 ஆக்கும் மசோதாவை நிறைவேற்றியது. ஓய்வு வயதை ஏற்றாதே என்று அந்த மாதம் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் தெருவில் இறங்கியிருந்தார்கள். ஆலைத் தொழிலாளியிடம் வாழ்நாளில் இரண்டு வருஷத்தை எடுத்துக்கொள்கிறோம். சும்மா இல்லை, பதிலுக்கு முந்தின நாளே 1,900 பெண்களின் முகத்தைக் கொடுத்திருக்கிறோம். கணக்கு நேர். அப்போதைய ஜனாதிபதி சார்கோசி இதற்கு 2009 ஜூனிலேயே விதை போட்டுவிட்டார். வெர்சாய் அரண்மனையில் இரு அவைகளையும் கூட்டி, புர்காவுக்குக் குடியரசின் மண்ணில் வரவேற்பில்லை என்று முழங்கினார். அரண்மனையில் நின்று குடியரசைக் காப்பாற்றுவது ஒரு தனி அழகு.

எதிர்க்கட்சியை நினைத்துத் தாங்கள் கவலைப்பட வேண்டாம். பிரெஞ்சுக் கீழவையில் ஆதரவு 335, எதிர்ப்பு 1. செனட்டில் 246, எதிர்ப்பு அதே 1. மிச்சமிருந்த சோஷலிஸ்டுகளில் பெரும்பாலோர் வாக்களிக்காமல் நழுவிக்கொண்டார்கள். மனசாட்சிக்கு வயிற்றுவலி வந்தால் இடதுசாரிகள் பாத்ரூம் போய்விடுவார்கள் என்பது உலகப் பொது விதி. விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியதே ஒரு கம்யூனிஸ்ட் எம்.பி.தான், அந்த்ரே ஜெரன். நாட்டின் தலைமை நிர்வாக நீதிமன்றம் 2010 மார்ச்சிலேயே, ஒட்டுமொத்தமாகத் தடை போட்டால் சட்டத்தின் முன் நிற்காது என்று எச்சரித்தது. அதை வாங்கி மரியாதையாக அலமாரியில் வைத்துவிட்டார்கள். தங்கள் அலுவலகத்திலும் அலமாரி இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எதற்காக இந்தத் தடை என்று கேட்டால் மூன்று காரணம் சொல்லுங்கள். பாதுகாப்பு, பெண்ணின் மானம், சேர்ந்து வாழ்தல். மூன்றையும் கலந்து சொல்வது நல்லது. தனித்தனியாகப் பிரித்தால் எதுவும் நிற்காது.

அப்படிப் பிரித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பாகிஸ்தானில் பிறந்த 24 வயதுப் பிரெஞ்சுப் பெண் ஒருத்தி, ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனாள். அவள் சொன்னதைக் கேளுங்கள். என் கணவனோ குடும்பத்தாரோ என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. தினமும் போடுவதில்லை; மனம் எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்துச் சில நாள் போடுவேன், சில நாள் மாட்டேன். பேங்கிலும் ஏர்போர்ட்டிலும் முகத்தைக் காட்டச் சொன்னால் காட்டுகிறேன். அவ்வளவுதான். 17 நீதிபதிகள் கொண்ட பேரமர்வு 2014 ஜூலை 1ஆம் தேதி தீர்ப்பு சொன்னது. பாதுகாப்புக்காக என்றால் தேவையான இடத்தில் முகத்தைக் காட்டச் சொன்னால் போதும், எல்லா இடத்திலும் தடை வேண்டியதில்லை என்றது. ஆண் பெண் சமத்துவத்துக்காக என்றால், நானே விரும்பித்தான் போடுகிறேன் என்று ஒரு பெண் சொல்லும்போது சமத்துவத்தின் பேரால் அவளையே தடுப்பது எடுபடாது என்றது. மானம் என்ற வாதமும் நிற்கவில்லை. ஆக எல்லாம் போயிற்று. பெண் ஜெயித்திருக்க வேண்டும் அல்லவா? தோற்றாள். சேர்ந்து வாழ்வதற்கு முகம் தெரிய வேண்டும், அதில் பிரான்சுக்குத் தன் இஷ்டம்போல் முடிவெடுக்க இடமுண்டு என்று 15 பேர் சொன்னார்கள். இரண்டு பேர் மறுத்தார்கள். இரண்டு பேரும் பெண்கள். தெருவில் எதிரே வருகிற முன்பின் தெரியாதவரோடு பேசித்தான் ஆகவேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று கேட்டார்கள். பாரிஸ் மெட்ரோவில் ஏறியவர்களுக்குத் தெரியும். அங்கே முகம் முழுக்கத் தெரிகிற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டால் மூன்றாவது ஆள் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

2018இல் ஐ.நா.வின் மனித உரிமைக் குழு, அபராதம் வாங்கிய இரண்டு பெண்களின் வழக்கில் பிரான்ஸ் அவர்கள் உரிமையை மீறிவிட்டது என்று சொல்லி நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. அலமாரியை ஏற்கெனவே குறிப்பிட்டிருக்கிறேன்.

அபராத விஷயத்தில்தான் இந்தச் சட்டத்தின் அறிவு பளிச்சென்று தெரிகிறது. வாதம் என்ன? இவள் பாவம், அடிமை, புருஷன் அடித்து மூட வைத்திருக்கிறான், நாம்தான் விடுவிக்க வேண்டும். சரி, விடுவிக்க வந்த போலீஸ்காரர் என்ன செய்கிறார்? அந்த அடிமையை நிறுத்தி 150 யூரோவுக்கு ரசீது எழுதிக் கையில் கொடுக்கிறார். திருட்டுக் கொடுத்தவனைப் பிடித்து நகை ஏன் போட்டாய் என்று அபராதம் போட்ட ஊர் உண்டா? பெண்ணைக் கட்டாயப்படுத்துகிறவனுக்கு ஒரு வருஷம் சிறை, 30,000 யூரோ அபராதம் என்று சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. படிக்க கம்பீரமாக இருக்கும். ஆனால் தெருவில் நிற்கிற போலீஸ்காரர் கண்ணுக்குப் புருஷன் படவில்லை. துணிதான் பட்டது. 

போலீஸ் நிலையத்தில் புகார் கொடுக்க வந்த பெண்ணுக்கு முதலில் அபராதம், பிறகு நாற்காலி. நிஜமாகவே அடிவாங்குகிற ஒருத்தி இருந்தால் அவளுக்குத் திறந்திருந்த ஒரே வழி தெரு, அதையும் சாத்தியாயிற்று. வீட்டுக்குள் அவன், வாசலில் போலீஸ். எனக்கு அந்தத் திரை பிடிக்குமா என்று கேட்டால், பிடிக்காது. தெற்காசியத் தமிழ் முஸ்லிம் வீடுகளில் பாட்டிமார் வெள்ளைத் துப்பட்டியைத் தோளில் தழையவிட்டு முகம் நிறையச் சிரித்துக்கொண்டு சந்தைக்குப் போய்வந்ததைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்தச் சிரிப்பின்மேல் கருப்புத் துணியை இழுத்துவிட்டது எந்த அரபுப் பணம், எந்த மார்க்க மேடை, எந்த மாப்பிள்ளை வீட்டு நிபந்தனை என்று கேட்டுச் சண்டை போட அந்தச் சமூகத்துப் பெண்களே இருக்கிறார்கள். ஜமாத் ஆண்களிடம் வசவு வாங்கிக்கொண்டு போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் சண்டையில் தாங்கள் போலீஸ் ஜீப்போடு வந்து இறங்கினால் அவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள்?

பதில் பிரான்சிலேயே இருக்கிறது. ஆக்னஸ் த ஃபியோ என்ற சமூகவியலாளர் பத்து வருஷமாக இந்தப் பெண்களோடு பழகி ஆராய்ந்தார். ஆரம்பத்தில் தடையை ஆதரித்தவர்தான். அவர் கண்டது: பலர் முகத்தை மூடத் தொடங்கியதே இந்தச் சர்ச்சைக்கும் சட்டத்துக்கும் பிறகு. போடாதே என்று சொன்னதால் போட்டுக்கொண்டவர்கள். வரவு செலவிலும் ஒரு வேடிக்கை உண்டு. ரஷீத் நெக்காஸ் என்ற அல்ஜீரிய வம்சாவளித் தொழிலதிபர் பத்து லட்சம் யூரோ ஒதுக்கி, யாருக்கு அபராதம் போட்டாலும் நான் கட்டுகிறேன் என்று அறிவித்துவிட்டு, நாடு நாடாகப் போய்க் கட்டிக்கொண்டிருந்தார். தங்கள் நிதித்துறைச் செயலரிடம் இந்தப் பத்தியை மட்டும் காட்டுங்கள்.

பெண்ணின் உடையைச் சட்டத்தால் திருத்துவதில் பிரான்சுக்கு இருக்கும் அனுபவம் லேசானதல்ல. 1800 நவம்பரில் பாரிஸ் போலீஸ் ஓர் உத்தரவு போட்டது: ஆணைப்போல உடுத்த விரும்பும் பெண் போலீஸ் தலைமையகத்துக்கு நேரில் வந்து அனுமதி வாங்க வேண்டும். அதாவது பேன்ட் போட லைசென்ஸ். 1892இலும் 1909இலும் மனம் இளகி, கையில் குதிரைக் கடிவாளமோ சைக்கிள் ஹேண்டில்பாரோ இருந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்தார்கள். இந்த உத்தரவு செத்துவிட்டது என்று அரசாங்கம் வாயைத் திறந்து சொன்னது எப்போது தெரியுமா? 2013 ஜனவரி 31. ஆக 2011 ஏப்ரலில் முகத்திரைத் தடை அமலுக்கு வந்தபோது, பாரிஸில் ஒரு பெண் முகத்தை மூடினாலும் குற்றம், சைக்கிள் இல்லாமல் பேன்ட் போட்டாலும் ஏட்டளவில் குற்றம்.

இதைவிடச் சுவையான ஒன்று. 1972இல் பிரெஞ்சு நாடாளுமன்ற வாசலில் ஓர் இளம்பெண்ணைச் சேவகர் தடுத்து நிறுத்தினார். ஒரு மந்திரியின் ஆலோசகராக வேலை பார்த்தவர். பேன்ட் போட்டுக்கொண்டு உள்ளே போகக்கூடாதாம். பேன்ட்தான் உறுத்துகிறது என்றால் இதோ இப்போதே கழற்றிவிடுகிறேன் என்று அவர் சொல்ல, சேவகர் வழிவிட்டார். நம் பத்திரிகைகள் என்றால் வீரத்தமிழச்சி என்று தலைப்புப் போட்டிருக்கும். அந்தப் பெண்ணின் பெயர் மிஷேல் அல்லியோ மாரி. 38 வருஷம் கழித்து முகத்திரைத் தடை மசோதாவை அதே நாடாளுமன்றத்துக்குள் கொண்டுவந்த நீதித்துறை மந்திரியும் அவரேதான். வாசலில் நின்றவள் உள்ளே போனதும் முதல் வேலையாக வாசலுக்கு ஓர் ஆளைப் போட்டாள்.

சிரித்தது போதும், இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1958 மே மாதம் அல்ஜீரியா. பிரெஞ்சுப் படை விடுதலைப் போராளிகளைப் பிடித்துப் போய் மின்சாரம் பாய்ச்சிச் சித்திரவதை செய்துகொண்டிருந்த காலம். அதே படையின் உளவியல் பிரிவு ஊருக்கு ஊர் மேடை போட்டது. லாரியிலும் பஸ்ஸிலும் முஸ்லிம் பெண்களை ஏற்றி வந்து, கூட்டத்துக்கு முன்னால் திரையைக் கழற்றி எறிய வைத்தார்கள். தளபதிகளின் மனைவிமார் உடன் நின்று உதவினார்கள். விடுதலை, சகோதரத்துவம், கைதட்டல், கேமரா. கான்ஸ்டன்டைன் நகரத்து மேடையில் திரையைக் கழற்றியவள் 18 வயது மாணவி. அவள் வீட்டில் முகம் மூடும் வழக்கமே கிடையாது. அவளுடைய அண்ணனைப் படை பிடித்து வைத்திருந்தது. அவன் உயிர் வேண்டுமானால் மேடை ஏறு என்றார்கள். ஏறினாள். கழற்றுவதற்குத் திரை வேண்டுமே! வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றுதான் அதைப் போட்டுக்கொண்டாள். போட வைத்தவனும் அவனே, கழற்ற வைத்தவனும் அவனே, பிறகு விடுதலை கொடுத்தேன் பார் என்று உலகத்துக்குப் படம் காட்டியவனும் அவனே. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாகத்தான் கதை. இங்கே ஆட்டின்மேல் தண்ணீர் ஊற்றியதே ஓநாய்.

பெண்ணை விடுவிக்கிறேன் என்று எந்த மந்திரி சொன்னாலும் எனக்கு அந்த மேடைதான் ஞாபகத்துக்கு வருகிறது. மன்னிக்க வேண்டும். ஆலோசகர் உணர்ச்சிவசப்படக் கூடாது.

கொரோனாவுக்கு வருவோம். 2020 மே 11ஆம் தேதியிலிருந்து பிரான்சில் பஸ்ஸிலும் ரயிலிலும் முகக்கவசம் கட்டாயம். போடாவிட்டால் 135 யூரோ அபராதம். முகத்திரைத் தடையும் ரத்தாகவில்லை. போட்டால் 150 யூரோ. ஒரே பெண், ஒரே மெட்ரோ, ஒரே மூக்கு, ஒரே வாய். டாக்டர் சொன்னபடி மூடினால் நல்ல குடிமகள், அல்லா சொன்னார் என்று மூடினால் குடியரசுக்கு எதிரி. திறந்துவிட்டால் இரண்டுக்கும் நடுவில் வைரஸ். குடியரசு முகம் காட்டி வாழ்வது என்று அரசாங்கம் 2011இல் போஸ்டர் அடித்து ஒட்டியிருந்தது. ஒன்பது வருஷம் கழித்து அந்தக் குடியரசின் தலைவர் மக்ரோனே நீலத் துணியால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு தொலைக்காட்சியில் தோன்றினார். சேர்ந்து வாழ்தல் ஒன்றும் இடிந்து விழவில்லை. முகம் தெரியாத கடைக்காரரிடம் முகம் தெரியாத ஜனங்கள் இரண்டு வருஷம் ரொட்டி வாங்கித் தின்றார்கள். ஸ்ட்ராஸ்பர்க் நீதிபதிகளும் முகக்கவசம் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஐரோப்பியக் குளிர் தங்களுக்கு ஒத்துவராது என்றால் பக்கத்தில் இலங்கை இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் நட்சத்திர ஓட்டல்களிலும் குண்டு வைத்து 250க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். கொன்றவர்கள் எப்படி வந்தார்கள் என்று ஊரே கேமராப் பதிவில் பார்த்தது. கட்டுவாப்பிட்டி தேவாலயத்துக்குள் நுழைந்தவன் முதுகில் பையோடு, திறந்த முகத்தோடு, வழியில் ஒரு குழந்தையின் தலையைத் தடவிவிட்டுப் போனான். அந்தக் கொலையில் முகத்திரைக்குப் பங்கே கிடையாது. தாக்குதல் வரப்போகிறது என்று வெளிநாட்டு உளவுத்துறை முன்கூட்டியே எழுதிக் கொடுத்த எச்சரிக்கை அதிகாரிகளின் மேஜையில் கிடந்தது. முகத்தை மூடிக்கொள்ள வேண்டியவர்கள் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் நாள் ஜனாதிபதி சிறிசேன அவசரகால விதியின்கீழ் முகம் மூடுவதைத் தடை செய்தார்.

விதியில் எழுதியிருந்தது முகம். ஆனால் ஆஸ்பத்திரி வாசலிலும் அலுவலக வாசலிலும் நின்ற சேவகர்கள் சட்டம் படித்தவர்களா? தலையில் முக்காடு போட்டவளையும் நிறுத்தினார்கள், அபாயா போட்டவளையும் திருப்பி அனுப்பினார்கள். அந்த மே மாதம் கண்டிப் பக்கம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணைப் போலீஸ் பிடித்துப் போனது. அவள் கவுனில் சக்கரம் அச்சிடப்பட்டிருந்தது. புத்தரின் தர்மசக்கரத்தை அவமதித்தாளாம். உற்றுப் பார்த்தால் அது கப்பலின் சுக்கான் சக்கரம். பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் அவள் சில வாரம் சிறையில் இருந்துவிட்டு வந்தாள்.

பிறகு 2021 மார்ச் 13. பொதுமக்கள் பாதுகாப்பு மந்திரி சரத் வீரசேகர, புர்காவை நிரந்தரமாகத் தடை செய்யும் அமைச்சரவைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று அறிவித்தார். சொன்ன நேரம்தான் கொஞ்சம் கோளாறு. பத்து நாளில் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில், இலங்கைக்கு எதிரான தீர்மானம் ஓட்டுக்கு வரவிருந்தது, முஸ்லிம் நாடுகளின் கை தேவைப்பட்டது. பாகிஸ்தான் தூதர் முகம் சுளித்தார். மூன்றாம் நாளே வெளியுறவு அமைச்சகம், அது வெறும் யோசனைதான், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றது. தேசத்தின் பாதுகாப்பு மூன்று நாளில் எப்படி மேம்பட்டது பாருங்கள்! அப்போது நாடு முழுக்க முகக்கவசம் கட்டாயம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கொரோனாவில் செத்த முஸ்லிம்களைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று சொல்லி, 20 நாள் கைக்குழந்தை உட்பட, பெற்றவர்கள் கதறக் கதற எரித்துத் தீர்த்ததும் இதே அரசாங்கம்தான். உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. உயிரோடு இருந்தால் முகத்தைக் காட்டு, செத்தால் சாம்பலைக் காட்டு.

சிங்கள அரசாங்கத்தைத் திட்டுவது தமிழ் வாசகருக்கு இனிக்கும் என்பதால் இதோடு நிறுத்தக் கூடாது. 2018இல் திருகோணமலையில் ஓர் இந்துப் பெண்கள் பள்ளியில், முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா போட்டு வரக்கூடாது, சேலைதான் கட்ட வேண்டும் என்று தமிழர்கள் பதாகை பிடித்து நின்றார்கள். முகத்தைக்கூட மூடாத ஆசிரியைகள். பள்ளியின் பண்பாடு கெட்டுவிடுமாம். 1983 ஜூலையில் கொழும்புத் தெருவில் உயிர் தப்புவதற்காக நெற்றிப் பொட்டை அழித்துக்கொண்டு நடந்தவர்களின் பிள்ளைகள் இவர்கள். உடுப்பை வைத்து ஆளை எடை போடுகிறவன் கையில் என்ன வைத்திருப்பான் என்று இவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எடுத்தும் பயனில்லை போலிருக்கிறது.

தங்கள் சக தொழிலாளிகள் சிலரையும் அறிமுகப்படுத்துகிறேன். 1936 ஜனவரியில் ஈரானில் ரெசா ஷா திரையைத் தடை செய்தார். போலீஸ்காரர்கள் தெருவில் பெண்களின் சாதரைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். அவமானத்துக்குப் பயந்த பல பெண்கள் அவர் பதவி போகும்வரை வீட்டு வாசற்படி தாண்டவில்லை. 1979 புரட்சிக்குப் பிறகு வந்தவர்கள் அதே தெருவில் அதே போலீஸை நிறுத்தி, தலையை மூடாவிட்டால் 74 கசையடி என்றார்கள். மகள் காலத்தில் மூடாததற்கு அடி, தாய் காலத்தில் மூடியதற்கு அடி. 2022 செப்டம்பரில் மஹ்சா அமினி என்ற 22 வயதுப் பெண், முக்காடு சரியில்லை என்று பிடித்துப்போன போலீஸின் காவலில் செத்தாள். அதே வருஷம் மே மாதம் காபூலில் தாலிபான், பெண்கள் வெளியே வந்தால் முகத்தை மூட வேண்டும் என்று ஆணை போட்டது. மீறினால் தண்டனை அவளுக்கில்லை, அவள் அப்பனுக்கோ அண்ணனுக்கோ. அங்கே பெண் குற்றவாளியாகக்கூட ஆக முடியாது. தாங்கள் கோபப்படக் கூடாது. தாங்களும் தாலிபானும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அவர்களிடம் சவுக்கு, தங்களிடம் ரசீதுப் புத்தகம். அபராதம் கட்டிவிட்டு வீடு திரும்பலாம், கசையடியில் திரும்ப முடியாது. அந்த வித்தியாசத்தைப் போற்றுகிறேன். அளவெடுக்கும் நாடா மட்டும் இரண்டு கடையிலும் ஒரே கம்பெனிச் சரக்கு.

கடைசியாகச் சட்ட வாசகம். இஸ்லாம் என்றோ முஸ்லிம் என்றோ மறந்தும் எழுதிவிடாதீர்கள், கோர்ட்டில் மாட்டிக்கொள்வீர்கள். பொது இடத்தில் முகத்தை மறைத்தல் என்று மட்டும் எழுதுங்கள். எழுதியதும் ஒரு தலைவலி வரும். ஆஸ்திரியாவுக்கு வந்தது. 2017 அக்டோபரில் சட்டம் அமலான சில நாளிலேயே, வியன்னாவில் ஒரு கம்ப்யூட்டர் கடை வாசலில் விளம்பரத்துக்காகச் சுறாமீன் வேஷம் போட்டு நின்ற ஆளுக்குப் போலீஸ் 150 யூரோ அபராதம் போட்டது. தலையைக் கழற்று என்றார்கள். என் வேலையே இதுதான் என்றான் சுறா. இஸ்லாமியத் தீவிரவாதத்துக்கு எதிராக ஆஸ்திரியா வலையை வீசியது, மீன்தான் சிக்கியது.

எனவே விதிவிலக்குகளை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். பிரான்ஸ் எழுதியது: உடல்நலத்துக்காக மூடலாம், தொழிலுக்காக மூடலாம், விளையாட்டுக்காக, பண்டிகைக்காக, கலை நிகழ்ச்சிக்காக மூடலாம். ஸ்விட்சர்லாந்து இன்னும் கவனமாக எழுதியது: விமானத்தில், தூதரகத்தில், வழிபாட்டு இடத்தில் மூடலாம், உள்ளூர்ச் சம்பிரதாயத்துக்காக, அதாவது கார்னிவல் முகமூடிக்காக மூடலாம், விளம்பரத்துக்காகவும் மூடலாம். வியன்னாச் சுறாவின் தியாகம் வீண்போகவில்லை. குளிருக்காகவும் மூடலாம். மீறினால் அந்த இடத்திலேயே 100 பிராங்க், அடம்பிடித்தால் 1,000 பிராங்க் வரை. தாங்களும் இப்படியே விதிவிலக்குகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போங்கள். எல்லாரையும் வெளியே விட்டபிறகு வலைக்குள் யார் மிச்சம் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

நடைமுறையில் ஒரு சந்தேகம் வரும், அதைத் தங்கள் போலீஸ் கமிஷனர் கட்டாயம் கேட்பார். ஜனவரி மாதம், பெர்ன் நகரத்துத் தெரு, பனி கொட்டுகிறது. ஒரு பெண் மூக்குக்கு மேல்வரை கருப்புக் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு வருகிறாள். கண் மட்டும் தெரிகிறது. குளிருக்குச் சுற்றியிருந்தால் சட்டப்படி சரி, சாமிக்குச் சுற்றியிருந்தால் 100 பிராங்க். துணியைத் தொட்டுப் பார்த்தாலும் தெரியாது, கண்ணைப் பார்த்தாலும் தெரியாது. எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று கமிஷனர் கேட்டால் தாங்கள் தடுமாற வேண்டாம். அவள் பெயரைக் கேட்கச் சொல்லுங்கள்.